விதைக்குள் அம்மா, விதைக்குள் அப்பா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "சார், நீங்க தாவரவியல்காரர். உங்க சப்ஜெக்ட்டே பேசுங்க. ஆனா அடுத்தது சாப்பாடு, அத மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க" என்றார். ஆகவே சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காஞ்சிபுரத்தில் சாப்பாடு என்றால் முதலில் இட்லிதான். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க முடியாது. அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு. இதில் மிளகையும் சுக்கையும் ஒதுக்கி வையுங்கள். அரிசியும் உளுந்தும் இரண்டும் விதைதான். ஆனால் இரண்டிலும் நாம் சாப்பிடுவது ஒரே பாகம் அல்ல. நெல்லைக் குத்தித் தீட்டும்போது முளைக்கருவும் தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் வெள்ளை அரிசி முழுக்க முழுக்க முளைசூழ்தசை. அதாவது அந்தக் கருவுக்காகத் தாய்ச்செடி சேர்த்து வைத்த உணவு. உளுந்திலோ அந்த முளைசூழ்தசையை விதை முற்றுவதற்குள் கருவே தின்று தீர்த்துவிடுகிறது. தோலை உரித்தால் இரண்டாகப் பிரிகிறதே, அது கருவின் இரண்டு விதையிலைகள். அரிசி என்பது பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சாதம். உளுந்து என்பது கட்டுச்சாதத்தைச் சாப்பிட்டு முடித்துக் கொழுத்த பிள்ளை. இரண்டையும் சேர்த்து அரைத்து நாம் இட்லி ஊற்றிவிடுகிறோம்!

இந்தக் கட்டுச்சாதத்தைப் பற்றித்தான் என் பேச்சு. உலகத்தில் மனிதன் சாப்பிடும் உணவில் பெரும் பங்கு இதுதான். அரிசி, கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாமே முளைசூழ்தசை. இவ்வளவு முக்கியமான இந்தத் திசுவுக்கு அப்பா அம்மா உண்டா என்பதே 1898 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு கீவ் நகரில் நவாஷின் என்ற ருஷ்யத் தாவரவியலார் லில்லி வகைப் பூக்களில் ஒன்றைக் கவனித்தார். மகரந்தக் குழலிலிருந்து இரண்டு ஆண் உட்கருக்கள் சூலுக்குள் வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று வீணாகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். வீணாகவில்லை. அது சூலின் நடுவில் இருக்கும் மையச் செல்லோடு சேர்ந்து முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. மறு ஆண்டே பிரான்ஸில் கிய்னார் என்பவரும் இதையே உறுதி செய்தார். இரட்டைக் கருவுறுதல் என்று பி.எஸ்ஸி.யில் படத்தோடு பத்து மார்க் கேள்வியாக நாம் எழுதியது இதைத்தான்.

மையச் செல்லில் தாயின் உட்கரு ஒன்றல்ல, இரண்டு. அதோடு தந்தையின் உட்கரு ஒன்று சேர்கிறது. ஆகவே முளைசூழ்தசையில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை மனதில் போட்டு வையுங்கள். கடைசி வரை இது தேவைப்படும்.

நம் நாட்டுக்கு இந்தத் துறையில் பெரிய பெயர் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரி வளர்த்த கருவியல் பரம்பரையை உலகமே அறியும். 1950-இல் வந்த அவருடைய புத்தகத்தைப் படிக்காமல் எந்த நாட்டிலும் இந்தப் பாடத்தைப் படித்ததாகச் சொல்ல முடியாத காலம் இருந்தது. 1962-இல் அவரும் குஸும் காந்தா, ரங்கசாமி ஆகியோரும் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் வைத்துக் கருவுறச் செய்து விதை வளர்த்துக் காட்டினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த பி.ஜி.எல். சுவாமி. பூவிலிருந்து விதை வரை ஒவ்வொரு செல்லாகப் பார்த்த மனிதர். கன்னடத்தில் அருமையான எழுத்தாளரும்கூட. 1978-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். ஆனால் இவர்கள் எல்லோரும் பார்த்தது வடிவத்தை. எந்தச் செல் எங்கே இருக்கிறது, எப்போது பிரிகிறது என்பதை. அந்தச் செல்லுக்குள் எந்த ஜீன் பேசுகிறது, அது யாருடைய ஜீன் என்ற கேள்விக்குக் கருவிகள் பிற்பாடுதான் வந்தன.

ஒரு சின்ன வழிமாற்றம். இளநீர் குடிக்கிறோமே, அது என்ன? அதுவும் முளைசூழ்தசைதான், திரவ நிலையில். முதலில் உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே போகும். செல் சுவர் போடாது. சுவரில்லாமல் உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும். பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்பி வழுக்கையாகிறது, அப்புறம் தேங்காயாக இறுகுகிறது. நெல்லிலும் இதே கதைதான், சின்ன அளவில். பால் பிடிக்கும் முன்பு நெல்மணிக்குள்ளும் ஒரு சுவரில்லாத காலம் உண்டு. சுவர் போடுகிற நேரம் முந்தினாலும் விதை கெட்டது, பிந்தினாலும் கெட்டது. இதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மெண்டல் நமக்குச் சொன்னது என்ன? உயரப் பட்டாணியைத் தாயாக வைத்துக் குட்டைப் பட்டாணியின் மகரந்தத்தைப் போட்டாலும், குட்டையைத் தாயாக வைத்து உயரத்தின் மகரந்தத்தைப் போட்டாலும், பிள்ளை ஒன்றேதான். ஜீன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. என்ன ஜீன் என்பதுதான் முக்கியம். நூறு ஆண்டுகளாக இதுதான் வேதவாக்கு.

1970-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி கெர்மிக்கிள் என்பவர் மக்காச்சோளத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டறிந்து எழுதினார். மக்காச்சோள மணியின் மேல்புறத்தில் நிறம் தருகிற ஒரு ஜீன். அது தாயிடமிருந்து வந்தால் மணி முழுக்க ஒரே சீராக நிறம். தந்தையிடமிருந்து வந்தால் அங்கங்கே திட்டுத்திட்டாக நிறம். ஜீன் அதேதான். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: "தாய் இரண்டு பங்கு தருகிறாளே, தந்தை ஒரு பங்குதானே? நிறம் குறைவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாமே?" நல்ல கேள்வி. கெர்மிக்கிளும் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். மகரந்தம் உருவாகும்போது ஒரு ஆண் உட்கருவில் அந்த ஜீன் இரண்டு பிரதியாக வந்து சேரும்படியான விசேஷ மக்காச்சோளச் செடிகள் இருந்தன. அவற்றை வைத்துத் தந்தை வழியாகவே இரண்டு பங்கு கொடுத்துப் பார்த்தார். அப்போதும் திட்டுத்திட்டுதான். தாய் வழியாக ஒரே பங்கு கிடைத்தபோதும் முழு நிறம். ஆக, எத்தனை என்பதல்ல, யாரிடமிருந்து என்பதுதான் கணக்கு. ஜீனின் மேல் அது வந்த வீட்டின் முத்திரை இருக்கிறது. பாலூட்டிகளில் இதேபோன்ற முத்திரை உண்டு என்பது எலிகளை வைத்து 1984-இல்தான் தெளிவானது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சோளக்கதிர் சொல்லிவிட்டது. தாவரவியல்காரர்களுக்கு இதில் ஒரு சிறு கர்வம் உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முத்திரை என்றால் என்ன? இங்கே பாதிப் பேர் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து தொங்குகிற அட்டைச் சங்கிலியும் இருக்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே தூக்கும், அந்தப் பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், இழை எழும்பாது. அன்னமும் மயிலும் அப்படித்தான் கரையில் வந்து உட்காருகின்றன. இப்போது ஒரே டிசைன் அட்டை இரண்டு செட் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு செட்டில் சில ஓட்டைகளின் மேல் யாரோ காகிதம் ஒட்டிவிட்டார்கள். டிசைன் அழிந்துவிட்டதா? இல்லை, அட்டையில் அப்படியே இருக்கிறது. காகிதத்தைக் கிழித்தால் மறுபடி மயில் வரும். ஆனால் ஒட்டியிருக்கும் வரை அந்த இடத்தில் இழை எழும்பாது.

டி.என்.ஏ. மீது ஒட்டப்படும் அந்தக் காகிதத்துக்கு மெத்தில் என்று பெயர். மிகச் சிறிய ஒரு வேதித் தொகுதி. அது நிறைய ஒட்டியிருக்கும் ஜீன் பெரும்பாலும் வாய் திறக்காது. இது போக, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களின் மேல் போடப்படும் அடையாளங்களும் உண்டு. அவற்றைப் போடும் ஒரு புரதக் கூட்டத்துக்குப் பாலிகோம்ப் என்று பெயர்.

செடி இதை எப்படிச் செய்கிறது என்பதை அராபிடாப்ஸிஸ் என்ற, நம் கடுகுக்கு உறவுக்காரச் சிறு களைச்செடியில் கண்டுபிடித்தார்கள். பூவின் மையச் செல்லில், கருவுறுவதற்கு முன்பே, டிமீட்டர் என்ற நொதி வேலை செய்கிறது. 2002-இல் கலிபோர்னியாவில் பெர்க்லியில் இதைக் கண்டறிந்தார்கள். அதன் வேலை காகிதத்தைக் கிழிப்பது. தாயின் பிரதியிலிருந்து பல இடங்களில் மெத்திலை எடுத்துவிடுகிறது. தந்தையிடமிருந்து மகரந்தத்தில் வரும் பிரதியில் காகிதம் அப்படியே இருக்கிறது. ஆகவே முளைசூழ்தசையில் அந்த ஜீன்களில் அம்மா பேசுகிறாள், அப்பா வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பல வீடுகளில் நடப்பதுதான்! சில ஜீன்களில் இதற்கு நேர்மாறு: அப்பா பேசுவார், அம்மா மௌனம். 2011-இல் வந்த ஆராய்ச்சியில் நெல்லின் முளைசூழ்தசையில் மட்டும் இப்படி ஒருபக்கமாகப் பேசும் ஜீன்கள் 200-க்கும் மேல் இருப்பது தெரிந்தது. கருவில் இவை மிக அபூர்வம். அதாவது பிள்ளையின் உடம்பில் இருவரும் ஏறக்குறையச் சமம். பிள்ளையின் சாப்பாட்டு விஷயத்தில்தான் இந்தப் பேதம்.

ஒருபக்கமாகப் பேசும் ஜீன் கெட்டுப்போனால் என்ன ஆகும்? 1998-இல் உவேலி கிராஸ்னிக்லாஸ் குழுவினர் விவரித்த ஒரு ஜீனுக்கு மீடியா என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் தன் பிள்ளைகளைத் தானே கொன்ற தாயின் பெயர் அது. தாயிடமிருந்து வந்த பிரதி கெட்டிருந்தால் விதை சுருங்கிச் செத்துவிடும். தந்தை நல்ல பிரதியே கொடுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஏனென்றால் தந்தையின் பிரதி பேசாது. நல்ல பணம் பெட்டியில் இருக்கிறது, பூட்டுக்குச் சாவி இல்லை என்கிற கதை.

அதே கிராஸ்னிக்லாஸோடு சேர்ந்து 2000-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர்களில் ஒருவர் ராமமூர்த்தி பாஸ்கர். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். அவர்கள் பார்த்த ஜீன்களில், கருவுற்ற பிறகு முதல் சில நாட்களுக்குத் தந்தையின் பிரதிகள் எதுவுமே பேசவில்லை. விதையின் ஆரம்ப வாழ்க்கை முழுக்கத் தாயின் கையில் என்று அந்தக் கட்டுரை சொன்னது. பெரிய பரபரப்பு. ஆனால் 2012-இல் அதே நேச்சரில் வேறு இருவர், இளம் கருவில் இருவரின் பிரதிகளும் ஏறக்குறையச் சமமாகவே பேசுகின்றன என்று எழுதினார்கள். யார் சரி? வெவ்வேறு ரகங்களைக் கலந்தால் வெவ்வேறு விடை வருகிறது, ஜீனுக்கு ஜீன் நேரமும் மாறுகிறது என்பது பிறகு தெரிந்தது. மாணவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நீங்கள் மனப்பாடம் செய்வதற்குப் பின்னால் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷச் சண்டை இருக்கும். சண்டை போட்டவர்கள் இருவருமே நல்ல விஞ்ஞானிகளாக இருப்பார்கள்.

சரி, செடிக்கு எதற்கு இந்த ஏற்பாடு? 1989-இல் டேவிட் ஹெய்க், மார்க் வெஸ்ட்பி என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஒரு செடியில் ஆயிரம் விதை. தாய்க்கு எல்லாமே தன் பிள்ளை. ஆகவே பந்தியில் பரிமாறுகிறவள் மாதிரி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப் பார்ப்பாள். ஆனால் ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் வேறு வேறு செடியிலிருந்து வந்திருக்கலாம். தந்தைக்குத் தன் விதை ஒன்றுதான் கண்ணில் தெரியும். "என் பிள்ளை இலையில் இன்னும் கொஞ்சம் போடு" என்பார். ஆகவே தந்தை பேசும் ஜீன்கள் விதையை வளர்க்கப் பார்க்கும், தாய் பேசும் ஜீன்கள் அடக்கிவைக்கப் பார்க்கும் என்பது இவர்கள் வாதம். அழகான வாதம். எல்லா ஜீன்களுக்கும் இது பொருந்துவதாக நான் நினைக்கவில்லை. தன் மகரந்தத்தையே தான் ஏற்கும் நெல் போன்ற பயிரில் அப்பாவும் அம்மாவும் ஒரே செடி, சண்டைக்கே இடமில்லை. அங்கேயும் முத்திரைகள் இருக்கின்றனவே! ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வாதம் அப்படியே பலிக்கிறது. அதற்குத் தர்ப்பூசணிக்குப் போக வேண்டும்.

விதையில்லாத் தர்ப்பூசணி ஜப்பானில் கிஹாரா என்பவர் உருவாக்கியது. குரோமோசோம் தொகுதி நான்கு உள்ள செடியைத் தாயாகவும், சாதாரணமாக இரண்டு உள்ளதைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால் மூன்று தொகுதி உள்ள விதை கிடைக்கும். அதை விதைத்தால் வரும் பழத்தில் விதை இருக்காது. இதைத் திருப்பிப் போட்டு, நான்கு உள்ளதைத் தந்தையாக வைத்தால்? பிள்ளைக்கு மூன்றே தொகுதிதான், கணக்கு ஒன்றுதான். ஆனால் முளைக்கும் விதை கிடைக்காது. ஏன்? முளைசூழ்தசையில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் இரண்டுக்கு இரண்டு ஆகிவிடுகிறது. அப்பாவின் குரல் அதிகமாகிவிடுகிறது. அராபிடாப்ஸிஸில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். தந்தை அதிகமானால் முளைசூழ்தசை சுவர் போடுவது தள்ளிப்போகிறது, இளநீராகவே நீடிக்கிறது. தாய் அதிகமானால் சீக்கிரமே சுவர் போட்டுவிடுகிறது, விதை சிறுத்துப்போகிறது. அராபிடாப்ஸிஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் பொறுக்காது, 1984-லேயே லின் என்பவர் காட்டியபடி, விகிதம் மாறினால் மணி ஒட்டிப்போய்விடும்.

இதெல்லாம் இருக்கட்டும், நமக்கென்ன என்று பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்காகத்தான் இனிச் சொல்லப் போவது.

உத்திரமேரூர்ப் பக்கம் என் தங்கை மகன் பயிர் வைக்கிறான். ஒரு வருஷம் வீரிய ஒட்டு நெல் போட்டான். நல்ல விளைச்சல். அறுவடை முடிந்து என்னிடம் வந்து கேட்டான்: "மாமா, இவ்வளவு நல்லா வந்த நெல்லு. இதுலயே கொஞ்சம் எடுத்து வச்சு அடுத்த பட்டத்துக்கு வெதச்சா ஏன் ஆகாதுன்றாங்க? திரும்பத் திரும்ப காசு குடுத்து வாங்கணுமா?"

அவன் தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. விதைநெல் கோட்டையில் இருக்கும். திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில், அப்போது நம்முடைய செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த இடத்தில், வெளிவந்த டி.கே.எம். 6 என்ற ரகத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோய் இன்னொரு ரகத்தோடு கலந்துதான் 1969-இல் ஐ.ஆர். 20 வந்தது. நம் ஊர் நெல் அதில் தந்தை. ஐ.ஆர். 20 பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம். எடுத்து வைத்து விதைத்தால் அதேதான் வரும். வீரிய ஒட்டு அப்படியல்ல. தமிழ்நாட்டில் முதல் வீரிய ஒட்டு நெல் எம்.ஜி.ஆர். 1 என்ற பெயரில் 1994-இல் வெளியானது. இரண்டு வெவ்வேறு பெற்றோரின் நேரடிப் பிள்ளை அது. வீரியமே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. அதன் விதையை எடுத்து விதைத்தால் ஜீன்கள் மறுபடி சீட்டுக்கட்டு மாதிரிக் கலைந்து, ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று முன்னாடி கதிர், ஒன்று பின்னாடி கதிர் என்று வயல் பலவிதமாகப் போகும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை கொடுக்கிறது. உலகத்தில் பல நாடுகளில் இல்லாத நல்ல சட்டம். ஆனால் வீரிய ஒட்டில் அந்த உரிமையைச் சட்டம் கொடுத்தாலும் செடி கொடுப்பதில்லை.

தாயைப் போலவே அச்சாகப் பிள்ளை வரும் விதை இருந்தால்? இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் தல விருட்சம் மாமரம். நான்கு கிளையில் நான்கு சுவை என்பது ஐதீகம். அந்த மரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமர ஜாதியைப் பற்றிச் சொல்கிறேன். ஒலூர், வெள்ளைக்குளம்பான் போன்ற சில மா ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை கருவுறுதலால் வந்தவையே அல்ல. சூலில் தாயின் திசுவிலிருந்து நேரே உருவான கருக்கள். தாயின் நகல். ஒட்டுக்கட்ட வேர்க்கன்றாக அவற்றைத் தேடுவதே அதனால்தான். எல்லாம் ஒரே மாதிரி வரும். நீலம், ருமானி, மல்கோவா எல்லாம் அப்படியல்ல, அதனால்தான் அவற்றை ஒட்டுக்கட்டுகிறோம்.

நெல்லுக்கு இந்தக் குணம் இயற்கையில் கிடையாது. அதைக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, முட்டை உண்டாகும்போது சீட்டுக்கட்டு கலையாமல் இருக்க வேண்டும். இதில் நம் நாட்டுப் பங்கு பெருமைப்படத்தக்கது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இம்ரான் சித்திக்கியும், அவரோடு ரவி, மாரிமுத்து என்ற இரு இளைஞர்களும் 2008-இல் அராபிடாப்ஸிஸில் அப்படிக் கலையாத முட்டை உண்டாவதைக் காட்டினார்கள். பிரான்ஸில் மெர்சியர் குழுவினர் 2009-இல் மூன்று ஜீன்களை மாற்றி இதைச் சுத்தமாகச் செய்தார்கள். 2016-இல் நெல்லிலும் அது கைகூடியது. இரண்டாவது வேலை, முட்டை மகரந்தத்துக்குக் காத்திருக்காமல் தானே கருவாக வேண்டும். இது எப்படி?

இங்கேதான் நம் முத்திரைக் கதை வந்து சேருகிறது. கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் கருவுற்ற நெல் முட்டையை, ஆமாம், ஒற்றை ஒற்றைச் செல்லாக எடுத்து, அதில் எந்த ஜீன் யாருடைய குரலில் பேசுகிறது என்று பார்த்தார்கள். ஆரம்பத்தில் பேசுவது பெரும்பாலும் தாய். தந்தையின் பக்கத்திலிருந்து பேசும் சில ஜீன்களில் ஒன்று பேபி பூம் 1. "கருவாகு" என்று முட்டைக்குச் சொல்லும் ஜீன் அது. தாயின் பிரதி அப்போது மௌனம். முட்டை தானாகப் பிள்ளை ஆகிவிடாமல் இருக்கத் தாய்ச்செடி வைத்திருக்கும் பூட்டு இதுதான்; சாவி மகரந்தத்தோடு வருகிறது. அந்தச் சாவியை முட்டைக்குள்ளேயே வைத்துவிட்டால்? வைத்தார்கள். முட்டை மகரந்தம் இல்லாமலே கருவானது. கலையாத முட்டையோடு இதைச் சேர்த்தபோது தாயின் நகலான நெல்விதை கிடைத்தது. 2019-இல் நேச்சரில் வெளிவந்த சேதி இது. அப்போது நூறு விதையில் முப்பதுக்குள்தான் நகல். 2022-இல் பிரான்ஸ் மோன்பெலியே நகரத்துக் குழுவினரும் இவர்களும் சேர்ந்து, வயலில் பயிராகும் ஒரு வீரிய ஒட்டு நெல்லில் 95 சதவீதத்துக்கு மேல் நகல் விதை எடுத்துக் காட்டினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கருவுக்கு மகரந்தம் வேண்டாம் என்றாகிவிட்டது. கட்டுச்சாதம்? அதற்கு இன்னமும் அப்பா வேண்டும்! மகரந்தம் வந்து மையச் செல்லோடு சேர்ந்தால்தான் முளைசூழ்தசை உண்டாகும். இந்தச் செடியில் கலையாத முட்டை போலவே கலையாத மகரந்தமும்தான் உண்டாகிறது. ஆகவே மையச் செல்லில் தாயின் தொகுதி நான்கு, மகரந்தத்தில் தந்தையின் தொகுதி இரண்டு. நான்குக்கு இரண்டு. அதாவது இரண்டுக்கு ஒன்று! முத்திரைக் கணக்கு தப்பவில்லை, மணி நிரம்பியது. மகரந்தம் மட்டும் சாதாரணமாக இருந்திருந்தால் நான்குக்கு ஒன்று ஆகி, விதை சிறுத்துப் போயிருக்கும். தர்ப்பூசணியில் படித்த பாடம் நெல்லில் உதவுகிறது, பார்த்தீர்களா?

தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப கடைக்கு வரும் மாமா?" வரவில்லை. முட்டையில் அந்தச் சாவியைப் பேச வைக்க, வேறொரு ஜீனின் முன்பகுதியோடு அதை இணைத்துச் செடிக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே நம் நாட்டுச் சட்டப்படி இது மரபணு மாற்றப் பயிர். அதற்கான அனுமதிப் பாதை நீளமானது. அது நீளமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சோறு விஷயம். எனக்குக் கவலை வேறு. விவசாயி தானே எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய வீரிய விதையை விற்க எந்தக் கம்பெனிக்கு ஆசை வரும்? ஒருமுறை விற்றால் வியாபாரம் முடிந்தது. காப்புரிமை வாங்கி, எடுத்து வைக்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டு விற்கத்தான் பார்ப்பார்கள். ஆகவே இந்த வேலை பொதுப் பணத்தில், கோயம்புத்தூரிலும் ஹைதராபாத்திலும் கட்டாக்கிலும் உள்ள நம் நிலையங்களில் நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். டி.கே.எம். 6 அப்படித்தான் வந்தது. அதற்காக யாரும் யாருக்கும் ராயல்டி கொடுக்கவில்லை. இன்னொரு பயமும் உண்டு: ஒரே நகல் ஏரிப்பாசனம் முழுக்க நின்றால், ஒரு புது நோய் வந்தால் மொத்தமும் போகும். கலைந்த சீட்டுக்கட்டுக்கும் ஒரு உபயோகம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

செயலாளர் மணியடிக்கிறார். தாவரவியல் மாணவர்களுக்கு ஒரே ஒரு செய்தி சொல்லி முடித்துக்கொள்கிறேன். இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் துறை ஆய்வகத்தில் இரண்டு மைக்ராஸ்கோப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்றில் இளம் தேங்காய் நீர். சாயம் போட்டிருக்கிறது, மிதக்கும் உட்கருக்களைப் பார்க்கலாம். இன்னொன்றில் பால் பிடிக்கும் பருவத்து நெல்மணியின் சீவல், போன வாரம்தான் உத்திரமேரூரிலிருந்து கதிர் வந்தது. சுவர் எங்கே எழும்புகிறது என்று தேடிப் பாருங்கள். படித்து முடித்த பெரியவர்களும் வரலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.